குளத்துக்குள் ஒரு வாளி

வாளிக்குள் எட்டிப் பார்க்க மேஸ்திரி மருதாசலத்திற்குத் துணிவு வரவில்லை.

நீச்சல் குளத்தின் முதற்படியில், குளத்து நீரில் பாதி அமிழ்ந்தவாறு அது நின்றது. நேற்று விடியலில் அவரே நீர் நிரப்பி வைத்த இரும்பு வாளி. அதன் உட்புறத்தில் நீர் நின்ற மட்டத்திற்கு ஆணியால் கீறிய ஒரு கோடு; குளத்துச் சுவரில் மற்றொரு கோடு.

வெயில் குடிப்பதாயின் வாளியையும் குளத்தையும் ஒன்றுபோலவே குடிக்கும். குளம் மட்டும் மிகுதியாகக் குறைந்தால் அது கசிவு.

கசிவு என்றால் மருதாசலம் திருடன்.

சிமெண்டு பெர்மிட்டுக்கு மட்டுமே கிடைத்த காலம் அது. மூட்டைகளை வெளியே விற்றுவிட்டு, மணலைக் குழைத்துப் பூசிவிட்டான் என்பது பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பனின் ஐயம். மேஸ்திரி கட்டி முடித்த குளத்தில் நாள்தோறும் இரண்டு விரற்கடை நீர் குறைந்தால், பாவம், அவர்தாம் வேறு யாரை ஐயுறுவார்?

மருதாசலம் தேடாத இடமில்லை. முழங்கால் தோல் உரியக் குளத்தின் விளிம்பெங்கும் தவழ்ந்தார். மயிரிழைக் கீறல் கண்ட இடமெல்லாம் மஞ்சள் கரைத்த நீரை விட்டுப் பார்த்தார். எந்தக் கீறலும் மஞ்சளை உறிஞ்சவில்லை. குழாய் மூட்டுகளைத் தார் வைத்து அடைத்தார். நீர் மட்டும் தன்பாட்டுக்குக் குறைந்துகொண்டே வந்தது.

"யாராச்சும் மோந்துட்டுப் போறாங்களோ என்னமோங்க" என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏன் மேஸ்திரி, கொளத்தையே இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்களாக்கும்? கேட்டுல காவலுக்குச் சின்னான் உக்கோந்திருக்கறான். நாளைக்கு விடியறப்ப எனக்குக் காரணந் தெரியோணும். இல்லாட்டி மாரியம்மங் கோயல்ல, ஊருக்கு முன்னால, சிமெண்டை விக்கலீன்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்ய மருதாசலத்திற்கு அச்சமில்லை. ஒரு பிடி சிமெண்டையும் அவர் விற்றதில்லை. ஆயினும், கற்பூரம் அணைக்க நேர்ந்தவனை ஊர் திருடன் என்றே நினைவில் வைத்துக்கொள்ளும். அதன்பின் அவன் கையில் எவரும் கரணையைக் கொடுப்பதில்லை.

வாளிச் சோதனை அவரது கடைசி நம்பிக்கை. அதன் நுட்பத்தை முதலாளியிடம் விளக்கி, கோடுகளைக் கீறிக் காட்டினார். முதலாளி தோட்டத்துக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில், தாம் குடியிருக்கும் காலனியின் கிணற்றருகே மருதாசலம் நெடுநேரம் நின்றார். விழுந்து சாவதற்குக்கூட அதில் நீர் இல்லை. பங்குனியிலேயே வற்றி, அடியில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

வீட்டில் மனைவி தெய்வாத்தாள் அவருடைய முழங்காலைப் பார்த்தாள். சலவைப் பட்டறையில் வெள்ளைப் பனியன்களை நீலத்தில் முக்கி எடுத்து, மணிக்கட்டு வரை நீலம் ஏறிப்போன கைகள் அவளுடையவை. செம்பு நிறைய நீர் மொண்டு புண்ணின்மேல் ஊற்றினாள். மறுபடியும் மொண்டு ஊற்றினாள்.

மனம் தாளாமல் அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்; வாளிச் சோதனையையும் சொன்னார்.

"வாளியுங் கொளமும் ஒண்ணுபோலக் கொறஞ்சிருந்தா உங்களை உட்ருவாங்களாங்க?"

"உட்ருவாங்க. அப்புடி எங்கிருந்து கொறையப்போகுது?"

"சரி, சோத்தைத் தின்னுபோட்டுத் தூங்குங்க" என்றாள்.

அவர் தூங்கவில்லை என்றே நினைத்தார். ஆனால் கண் விழித்தபோது பக்கத்துப் பாய் வெறுமையாயிருந்தது. பட்டறைக்கு முன்னதாகவே போய்விட்டாள் போலும்.

இப்போது முதலாளி தோளில் துண்டுடன் படியருகே வந்து நின்றார்.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கற? குனிஞ்சு பாரு."

மருதாசலம் குளத்துச் சுவரைப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

மாரியம்மனை நினைத்துக்கொண்டு வாளிக்குள் குனிந்தார்.

அதிலும் இரண்டு விரற்கடை.

கூவ வாயைத் திறந்தவர் மீண்டும் குனிந்தார். ஆணிக்கோட்டுக்கு மேலே, வாளியின் உள்விளிம்பில், பிடித்துச் சாய்த்தாற்போல் நான்கு விரல்களின் தடம் இருந்தது.

நீலத் தடம்.

அவர் நிமிர்ந்தார். குளத்திற்குப் பின்னால் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் காலனிக் கூரைகள். வேலியின் ஓரிடத்தில் கிளைகள் விலகியிருந்தன. மழை கண்டு பல மாதமான அந்த மண்ணில், அங்கு மட்டும் ஈரம்.

காலனிக்காரர்கள் ஒரேயொரு நாள் மொள்ளாமல் இருந்திருந்தால் போதும், வாளியைச் சாய்க்க வேண்டியதே இல்லை. ஆனால் தாகத்திற்கு விடுமுறை ஏது?

முதலாளி வாளியை நோக்கிக் குனிந்தார். மருதாசலம் அந்தத் தடத்தின்மேல் தம் உள்ளங்கையை அழுத்தி, வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"வெயிலுதானுங்க முதலாளி" என்றார். "இந்த வருசத்து வெயிலு ஊரையே குடிக்குதுங்க."

முதலாளி விரலை வைத்து அளந்தார். வாளியில் அளந்தார், சுவரில் அளந்தார், மீண்டும் வாளிக்கு வந்தார். பிறகு அவர் முகம் இளகியது.

"அட, ஆமாய்யா! உன்னையப் போயிச் சந்தேகப்பட்டுட்டனே. கொறையறது கொறையட்டும். பனியன் வாங்கற பம்பாய்க்காரங்க வர்றப்ப கொளம் நெறஞ்சு நிக்கோணும். இனித் தெனமும் பொழுதோட மோட்டாரைப் போட்டு நெரப்பச் சொல்லீர்றேன்."

அவர் நகர்ந்தபின் மருதாசலம் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் நீலம் ஒட்டியிருந்தது.

வாளியின் நுட்பத்தை அவர் இந்த உலகத்தில் இரண்டே பேரிடம்தான் சொல்லியிருந்தார்.

அவர்களுள் ஒருவர் மோட்டார்க் கொட்டகையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.