இன்னும் நாறுது

தொட்டியின் மேல் குனிந்து ஒரு தடவை முகர்ந்ததுமே மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"இன்னும் நாறுது."

கப்பல் இன்ஜினியர் தலையாட்டினார். அவருடைய மூக்கை நம்பிப் பிரயோஜனமில்லை. இருபத்தெட்டு வருஷ இயந்திர அறைப் புகையும், போதாக்குறைக்குப் போன வருஷத்துக் காய்ச்சலும் சேர்ந்து, அதைக் கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும் என்று ஆக்கிவிட்டன.

ஓய்வு பெற்று வந்தவருக்குக் கூடத்தில் ஒரு கடல் வேண்டும் என்று ஆசை. நான்கடிக் கண்ணாடித் தொட்டி வந்தது. வாளி வாளியாக உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றினார். ஈரக் காகிதம் சுற்றிய கற்கள் கடைசியில் வந்தன.

அவற்றைக் கடைக்காரர் லைவ் ராக் என்றார். கடலுக்கடியில் கிடந்த கல். உள்ளே ஆயிரம் உயிர்கள். வழியில் செத்துப்போனவை கல்லிலேயே அழுகி நாறும், பிழைத்தவை அந்த அழுகலைத் தின்று தண்ணீரைத் தேற்றும். நாற்றம் போய்க் கடல் வாசனை வந்த பிறகுதான் மீன் விட வேண்டும். அவசரப்பட்டால் மீன் பிழைக்காது.

ஆக, முகர்ந்து பார்க்க ஆள் வேண்டும். வீட்டில் இருந்த இன்னொரு மூக்கு மனைவியுடையது.

அவளிடம் என்ன பேசுவது என்றே அவருக்குத் தெரியவில்லை, அதுதான் சிக்கல். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு மாதம் விருந்தாளி மாதிரி வந்துபோனவர், இப்போது மொத்தமாக வந்து இறங்கியிருக்கிறார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. சாப்பிட வாங்க, கதவைச் சாத்து என்பதோடு அன்றைய பேச்சு தீர்ந்துவிடும். மிச்சக் காலமும் இப்படியே போய்விடுமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்.

முதல் இரண்டு நாள் ஒரே சொல்லோடு சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். மூன்றாம் நாள், கல்லில் ஒட்டியிருந்த அழுகலைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே, எந்த மாதிரி நாற்றம் என்று சும்மா கேட்டுவைத்தார்.

அவள் யோசித்தாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்த மாதிரி என்றாள். மகளுக்குப் பரீட்சை நேரம். ஒருத்தியாகவே ஃபிரிட்ஜை நகர்த்தி, இடுப்பு பிடித்துக்கொண்டு, மூன்று நாள் குனிய முடியாமல் நடந்திருக்கிறாள். அவர் கேள்விப்படாத கதை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு நாற்றம், கூடவே ஒரு கதை. அடைமழையில் நான்கு நாள் காயாத பள்ளிச் சீருடை. கரண்ட் போய்த் திரிந்துபோன பால். ஒருநாள் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி என்றாள். அங்கே எதற்குப் போனாய் என்று கேட்டார்.

"நிமோனியா. அஞ்சு நாள் படுத்திருந்தேன். நீங்க நடுக்கடல்ல இருந்தீங்க, சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

தொட்டியில் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுகிற சாக்கில், அன்று வெகுநேரம் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஏழாவது வாரம், இந்தப் பக்கம் வந்த கடைக்காரர் தண்ணீர்ப் பையில் ஒரு மஞ்சள் மீனோடு வீட்டுக்கே வந்துவிட்டார். வந்த வேகத்தில் தொட்டியில் மூக்கை நுழைத்து இழுத்துப் பார்த்தார்.

"நல்லா கடல் வாசனை வருதே சார்! டெஸ்ட் பண்ணிட்டேன், தண்ணி சுத்தமா இருக்குன்னு நீங்க போன்ல சொல்லியே ரெண்டு வாரம் ஆச்சு. ஏன் இன்னும் மீன் வாங்க வரல?"

மனைவி இன்ஜினியரைப் பார்த்தாள். அன்று காலைகூட மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்த மனைவியை இன்ஜினியர் பார்த்தார். இரண்டு பேரும் கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டார்கள்.

முதலில் சுதாரித்துக்கொண்டது அவள்தான். கடைக்காரரைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டுக் குனிந்து, கண்ணை மூடி, சாவகாசமாக முகர்ந்தாள்.

"உங்களுக்குத்தான் ஜலதோஷம் போல, கடைக்காரரே. கிளட்ச் கருகுற நாத்தம் வருது. நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டப்போ வருமே, அதே நாத்தம்."

இன்ஜினியர் மீன் பையைக் கடைக்காரர் கையிலேயே திணித்து, அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"நீ எப்போ கார் ஓட்டக் கத்துக்கிட்ட?"