விரிசலுக்கு ஒரு வழி

“விரிசல் விழத்தான் செய்யும்மா. கான்கிரீட் காயக் காயச் சுருங்கும்ல?” என்றார் டுவெய்ன். மின்னசோட்டாவில் வீடுகளுக்கு நிலவறைச் சுவர் எழுப்பியே தலை நரைத்தவர்.

“இந்த ஜன்னல்கிட்ட மட்டும் விழவே கூடாது,” என்றாள் வீட்டுக்காரி கிர்ஸ்டன். நல்ல கறுப்புக் கோட்டோடு சேற்றில் நின்றிருந்தாள்.

“ஜன்னல் மூலையிலதான் முதல்ல ஆரம்பிக்கும். அதான் ரெண்டு பக்கமும் மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு மாதிரி ஒரு காடி வெட்டப் போறேன். விரிசல் அந்தக் கோட்டோட போயிடும். அப்புறம் பசை வச்சு அடைச்சிடலாம்.”

“நிச்சயமா?”

“நிலவறைச் சுவருக்கு இவ்வளவு கவலையா! ஆமா, ரெண்டு பேரும் பார்ட்டிக்கா கிளம்பிட்டீங்க?”

“சர்ச்சுல இருந்து வர்றோம்,” என்றான் அவள் கணவன் நீல்ஸ்.

“செவ்வாய்க்கிழமையில சர்ச்சா?” டுவெய்ன் சிரித்தார். “பயப்படாதீங்கம்மா. இந்த ஜன்னல் திட்டு ஈரமா இருந்தப்ப எந்த வாலுப் புள்ளையோ கையைப் பதிச்சு வச்சிருக்கு. அஞ்சு விரலும் பள்ளம். காலையிலதான் பார்த்தேன். உடனே கலவை வச்சு வழவழன்னு பூசிட்டேன். நன்றிகூட வேண்டாம்.”

கிர்ஸ்டன் திட்டைத் தடவினாள். வழவழவென்றுதான் இருந்தது.

“அதை... பேத்து எடுக்க முடியுமா?”

“தலைகீழா நின்னாலும் வராது. டுவெய்ன் பூசுனா அப்படி!”

நீல்ஸ் அவளைத் தாங்கிக்கொண்டான். மகளை மண்ணில் வைத்துவிட்டு, அவள் கை பதிந்த அந்த ஓர் இடத்தைத் தொட்டுப் பார்க்கத்தான் கல்லறைத் தோட்டத்திலிருந்து இருவரும் நேராக இங்கே வந்திருந்தார்கள்.