அவள் வளர்ந்த வீடு

"முடிக்காத பொருளுக்குக் காசு வாங்குறவன் திருடன். கொடுக்குறவ ஏமாளி."

அறைக்குள் வராமலே அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். கையில் போன். அதில், அவருடைய கார்டில் மகள் வாங்கிய வீடியோ கேமின் விவரம்.

"ஏர்லி ஆக்சஸ்னா அப்படித்தாம்பா. செய்யச் செய்யவே விளையாடக் கொடுத்துடுவாங்க. விலையும் கம்மி."

"பாதி தைச்ச சட்டையை மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவியா?"

"தைக்கும்போதே போட்டுப் பார்த்தா, கை பிடிக்குதுன்னு சொல்லித் திருத்திக்கலாம்ல?"

"தையல்காரன் கடையைப் பூட்டிட்டு ஓடிட்டான்னா?"

மகள் கேமின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"ஓடலாம். பாதியில நின்னாலும் நிக்கலாம், இப்ப இருக்கிறது பிடிச்சா மட்டும் வாங்குங்கன்னு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கு."

"எழுதிட்டா யோக்கியனா? கேமுக்குக் கீழே கருத்து எழுத இடம் இருக்கும்ல, அதுல திருடன்னு எழுது. நாலு பேராவது தப்பிப்பாங்க."

"அவன் இல்லப்பா, அவ. ஒருத்தியா உட்கார்ந்து செய்யறா. நான் அப்படி எழுதினா அடுத்து யாரும் வாங்க மாட்டாங்க. கேமே நின்னுடும்."

"நிக்கட்டும்."

அவர் போன் அடித்தது. அப்பா அடுக்குமாடி வீடு கட்டி விற்பவர். விடுமுறை நாளிலும் போன் ஓயாது. குரலில் தேன் தடவிக்கொண்டு பேசினார்.

"மழை விட்டதும் வேலையை ஆரம்பிச்சுடுவோம்ங்க. நம்ம மேல நம்பிக்கை இல்லையா?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை பாருங்கப்பா" என்றாள் மகள். "அப்புறமும் திருடின்னு தோணிச்சுன்னா, நீங்க சொன்னபடியே எழுதிடறேன்."

அப்பா உள்ளே வந்தார். திரையில் பனிமூட்டம். அதற்குள் பூசாத செங்கல் சுவர்கள். லிஃப்ட் வரவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம். அதன் அடியில் எங்கோ தண்ணீர் சொட்டியது. வரிசையாகக் கதவில்லாத வாசல் நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் ஓர் ஆள், அசையாமல்.

ஒருவருக்கும் முகம் இல்லை.

"என்ன கண்றாவி இது? மூஞ்சி எங்கே?"

"இன்னும் வரையலை. அடுத்த அப்டேட்ல வருமாம்."

கடந்து போகப் போக அந்த வெற்றுத் தலைகள் மெல்லத் திரும்பின. ஒவ்வொன்றும் ஒரே கேள்வியை, பக்கத்தில் யாரோ தூங்குவது போன்ற தணிந்த குரலில் கேட்டது.

"சாவி வந்துடுச்சா?"

அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"கேம் செய்யறவ, இது அவ வளர்ந்த வீடுன்னு எழுதியிருக்கா" என்றாள் மகள். "வளர்ந்த வீட்டுக்கு ஏன் கதவே இல்லைன்னுதான் புரியலை. மேல போகப் படியும் இல்லை. நானும் எத்தனையோ நாளா தேடிட்டேன்."

"கண்ணு இருந்தாத்தானே தெரியும். தள்ளு."

அப்பா மவுஸைப் பிடித்தார். லிஃப்ட் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் திரும்பினார். சாரக் கட்டைக்குக் கீழே குனிந்தார். மணல் குவியலின் பின்பக்கம் போனார். பனியில் எதுவும் தெரியவில்லை. அவர் கை எங்கும் தயங்கவில்லை.

படி இருந்தது.

மேலே ஒரு தூண். தூணில் சாக்பீஸ் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, குழந்தையின் உயரம் அளப்பது போல. முதல் கோடு முழங்கால் உயரத்தில். கடைசிக் கோட்டில் தலையை ஒட்டிக்கொண்டு, முதுகைத் தூணில் சாய்த்தபடி ஒரு பெண் நின்றாள். முகம் இல்லாத பெண்.

"வருஷா வருஷம் வந்து பார்த்துட்டு, இங்கேயே அளந்துட்டுப் போவோம்" என்றாள். "எங்க வீடு எப்ப முடியும், அங்கிள்?"

திரையின் அடியில், தேர்ந்தெடுத்துச் சொல்லவேண்டிய பதில்கள் வரிசையாக வந்தன. முதல் பதில்:

*மழை விட்டதும்.*

கேமுக்குள், கீழ்த்தளத்திலிருந்து படியேறும் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவருடையது அல்ல, நிறையப் பேருடையது.

அப்பாவின் கை மவுஸை விட்டு நழுவியது. போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

மகள் இப்போது திரையைப் பார்க்கவில்லை.

"படி இருக்கிற இடம் உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சது?"