அகலத் திரை

முருங்கனில் என் கணினிக் கடைக்கு அகலத் திரை வந்த அன்றே இராசமலர் அக்காவும் வந்தார். யாரோ அனுப்பிய படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்; அதில் இருப்பது, குடும்பம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு காணாமல்போன தன் மகன்தானா என்று பார்க்க வேண்டுமாம். திறந்தேன். கண்மூடிய முகம்.

"இது அவன் இல்லை, தம்பி. என்ர பிள்ளைக்கு ஒட்டின கன்னம். இது கொழுத்த முகம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்த ஏமாற்றம் எனக்குப் பொறுக்கவில்லை.

"இருங்கோ அக்கா. இந்தத் திரை படத்தை அகலத்துக்கு இழுக்குது. என்ர ஒல்லி மூஞ்சியும் இதிலை பூசணிக்காய்தான்."

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டி, திரையின் அளவை மாற்றினேன். முகம் ஒடுங்கியது.

அக்கா மறுபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன்தான்."

"பார்த்தீங்களோ? நித்திரையிலை எடுத்திருக்கினம் போலை. எங்கை இருக்கிறாராம்?"

"பிணவறையிலை, தம்பி. அதைக் கொழுத்த முகமாகவே விட்டிருக்கலாமே."