புள்ளி வைத்த ஃபோல்டர்

"லினக்ஸ்ல டிஸ்க் நெறஞ்சிருச்சு. எதையாவது அழிச்சாதான் நாளைக்கு மக ஒன்லைன் பரீட்சை எழுதலாம்" என்று மதுஷா லேப்டாப்பைக் கணவன் புவனேந்திரன் பக்கம் திருப்பினாள். "பேருக்கு முன்னால புள்ளி வச்சு ஆறு ஜிபி ஃபோல்டர் ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அத அழிக்கவா?"

"ஐயோ, அத மட்டும் தொடாத!"

"யாரு அவ?"

அவளே உள்ளே இருந்த ஒலிப்பதிவு ஒன்றைத் திறந்தாள். ஒரு பெண் குரல் தோட்டத்து லய வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்தியது.

"சிக்னல் தேடி மழையில மலை ஏறுனீங்களா? அறிவிருக்கா உங்களுக்கு?"

மதுஷாவின் குரல்.

"நீ குவைத்துல இருந்த ரெண்டு வருஷமும் போன்ல திட்டுனது. ஒண்ணு விடாம ரெக்கோர்ட் பண்ணி வச்சேன்" என்றான் அவன்.

அவள் மொத்தத்தையும் அழித்தாள்.

"ஏய்!"

"அதான் நேர்லயே வந்துட்டேனே. இனிமே புதுசாவே கேளுங்க."