ஒரே ஒரு ஆணி

"ஆணியா? என் ஹால் சுவத்துலயா?"

நூலகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு ஆணிதான் சார்," என்றார் குடித்தனக்காரர். "ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு இருக்கு. தரையிலயே சாய்ச்சு வெச்சிருக்கோம். என் பொண்ணு வேலைக்குக் கிளம்பும்போது குனிஞ்சு குனிஞ்சு தலை வாரிக்கறா. பாக்கவே பாவமா இருக்கு."

மனுஷர் ரகசியம் சொல்வதுபோல மெல்லத்தான் பேசினார். நூலகர் மட்டும் என்னவாம்? ஆயுசில் பாதியை, "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே கழித்தவர். இவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் பக்கத்தில் நிற்பவர் நலம் விசாரிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

அந்தச் சுவர் லேசுப்பட்ட சுவர் இல்லை. காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்துவிட்டுக் கடைசியில் கடன் வாங்கிக் கட்டிய வீடு. பெயிண்டர் தேய்த்தது திருப்தி இல்லாமல், லீவு போட்டு நூலகரே உப்புத்தாள் வைத்துத் தேய்த்த சுவர். கன்னத்தை வைத்துப் பார்த்தால் வழுக்கும். பெயிண்ட் வாசனை போவதற்குள் மகளுக்கு இந்த ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அவரும் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து, பழையபடி வாடகை வீட்டில் உட்கார்ந்துவிட்டார். சொந்த வீட்டில் இன்னொருவர் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்!

"ஒரு நிமிஷம் சார், லைன்லயே இருங்க," என்று போனைக் கையால் அழுத்தி மூடிக்கொண்டார்.

"இந்த அநியாயத்தைக் கேட்டியா? ஆணி அடிக்கணுமாம்!"

சமையலறையில் மனைவி, அடைத்துக்கொண்ட தொட்டியைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அடிச்சுக்கட்டுமே. அது கிடக்கட்டும், இந்தத் தொட்டி அடைச்சுக்கிட்டு எத்தனை நாளாச்சு? பாத்திரத்தையெல்லாம் குளியலறைக்குத் தூக்கிட்டுப் போய்த் தேய்க்கறேன். இடுப்பு விட்டுப்போச்சு. வீட்டு ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறீங்க."

"எல்லாத்துக்கும் ஒரு சமயம் பாக்கணும்டி."

"உங்க சமயம் வர்றதுக்குள்ள தொட்டியில தவளை குடிவந்துடும்."

"முதல்ல என் பிரச்சினையைப் பாரு. குழாய் ஒழுகுதுன்னார், ஆள் அனுப்பினேன். கதவு தரையில உரசுதுன்னார், அதுக்கும் ஆள் அனுப்பினேன். இப்ப ஆணி. நாளைக்கு ஜன்னலை அந்தப் பக்கம் மாத்தி வைங்கம்பார். இத்தனை வருஷமா எத்தனை ஓனருக்குப் பயந்து வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோம்? ஒரு தடவையாவது நானும் ஓனரா, கறாரா பேச வேண்டாமா?"

"பேஷா பேசுங்க. அவர் கோவிச்சுக்கிட்டுக் காலி பண்றேன்னுட்டா?"

"அந்த வீட்டுக்கு வேற ஆள் கிடைக்காதா என்ன?"

"வீட்டுக்கு ஆள் கிடைக்கும். நம்ம கதி?"

நூலகருக்குக் கண்ணை மூடினால் சுவர்தான் தெரிந்தது. வழுவழுவென்று, வெள்ளை வெளேரென்று. நடுவில் ஓர் ஓட்டை. மனசு ஆறவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கையை எடுத்தார்.

"இந்தாங்க சார், கறாரா சொல்லிடறேன். ஆணிங்கற பேச்சே வேண்டாம். புதுச் சுவர், பேத்துக்கிட்டு வந்துடும். அடுத்தவங்க வீட்ல இருக்கறப்ப நாமதான் பாத்துப் பதவிசா இருந்துக்கணும். உங்களுக்குத் தெரியாததில்ல."

சொல்லி முடித்ததும் உடம்பே லேசானது மாதிரி இருந்தது. அடேயப்பா, ஓனராக இருப்பதில் இப்படி ஒரு சுகமா! மனைவி குச்சியும் கையுமாகத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி சார்..." என்று இழுத்தார் குடித்தனக்காரர். பாவம், வருத்தப்பட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நூலகருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

அந்த நேரம் பார்த்து உள் அறையிலிருந்து, டொக், டொக், டொக்!

"அப்பா!" என்று வீடே அதிரக் கத்தினாள் மகள். நூலகர் வீட்டில் குரல் உள்ள ஒரே ஆள் அவள்தான். "புத்தகத் தட்டு மாட்ட அடிச்ச ஆணி வளைஞ்சுபோச்சு! சுவர் வேற கொஞ்சம் பேந்துடுச்சு! வேற பெரிய ஆணியா இருந்தா குடுங்க!"

நூலகர் பதறிப்போய் அறைக் கதவைக் காலால் சாத்தினார்.

"என்ன சார் அங்க சத்தம்?"

"அது... ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்ல ஏதோ வேலை நடக்குது."

"பக்கத்து வீடா?" குடித்தனக்காரர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. மெல்லச் சிரித்தார். "சார், நாம மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர் போட்டு என் வேலைக்கு நீங்க, உங்க வேலைக்கு நான்னு வந்தப்பவே, என் வீட்ல நீங்க, உங்க வீட்ல நான்னு மாத்திக்கிட்டோம். நான் பாத்துப் பாத்துக் கட்டின வீட்டுக்கு ரெண்டு பக்கமும் வெறும் காலி மனைன்னு எனக்குத் தெரியாதா?"

நூலகருக்கு வேர்த்துக் கொட்டியது. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"ஒண்ணுக்கு ரெண்டா அடிச்சுக்கோங்க சார், பொண்ணு நிமிர்ந்து நின்னு தலை வாரட்டும்... அப்புறம், ஓனர் சார், இங்க சமையலறைத் தொட்டி அடைச்சுக்கிட்டிருக்கு, ஒரு ஆள் அனுப்பறீங்களா?"