ஏழாவது படம்

கைதட்டல் ஓயவில்லை. அவன் கவிதைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அந்த வால் வருதுங்களே சார், என்ன ஒரு படிமம்" என்றார் இலக்கியப் பேரவைத் தலைவர் நாச்சிமுத்து.

படிமம் இல்லை. பல்லிதான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, குழந்தைவேலின் கடையில், வடைச் சட்டியில் கிடந்தது. நேற்றைய எண்ணெயும் முந்தாநாள் எண்ணெயும் சேர்ந்து தார் நிறத்தில் நின்றது. அதன் ஓரத்தில், வயிறு வெளுத்து, வால் மட்டும் வெளியே.

உணவுப் பாதுகாப்பு அதிகாரியான அவன்தான் படம் எடுத்தான். அந்தச் சமையற்கட்டில் மொத்தம் பதினொரு படங்கள். சட்டி ஏழாவது.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது நாச்சிமுத்துவின் போன் வந்தது. கடைக்காரர் குழந்தைவேல் அவருடைய மச்சான். நாச்சிமுத்து மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை பேரவையில் கவியரங்கம், நம்மூர்ச் சாப்பாட்டுக் கடைகளின் படத்தைப் பார்த்து ஆளுக்கொரு கவிதை, நீங்களும் வாசிக்கிறீர்கள் என்றார்.

பத்து வருடமாக அவனிடம் யாரும் கவிதை கேட்டதில்லை.

அறிக்கையில் முதலில் தேதி வரும். அடுத்து கடையின் பெயர். அதற்குக் கீழே 'திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அன்று மாலையே ஏழாவது படத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். அறிக்கையில் எழுதாமல் விட்டதையெல்லாம் கவிதையாக எழுதினான்.

'கறுத்த குளத்தில்
நீந்தாமல் கிடக்கிறது
ஒரு வால்.'

தேதி இல்லை. பெயர் இல்லை. நன்றாகவே வந்திருந்தது. இரண்டு முறை தனக்குத்தானே வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். இப்போது அதை நினைக்கத்தான் அருவருப்பாக இருக்கிறது.

தட்டு வந்தது. குழந்தைவேலே கொண்டுவந்தார்.

"சாப்புடுங்க சார். இன்னைக்குப் பூரா நம்ம கடைப் பலகாரந்தானுங்க."

ஒரு வடை. ஒரு போண்டா. காகிதத் தட்டில் எண்ணெய் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

குழந்தைவேல் நகரவில்லை.

அவன் வடையைப் பிட்டு வாயில் போட்டான். மென்றான். மொறுமொறுவென்றிருந்தது. ருசியாகவும் இருந்தது அந்தக் கருமம்.

விழுங்கினான்.

இரண்டாவது வரிசையிலிருந்து மனைவி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் மேடையேறுவதைப் பார்க்கப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மடியில் மகள். அவளுக்குப் போண்டாவைப் பிட்டு ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அவனுக்குக் குமட்டியது.

ஐந்து நாளாக ஊரே இதைத்தான் தின்றது. அப்போதெல்லாம் குமட்டவில்லை. நன்றாகத் தூங்கினான். தன் பிள்ளையின் வாய்க்குள் போகும்போதுதான் வயிறு புரள்கிறது. எத்தனை கேவலமான வயிறு என்று நினைத்தான்.

நாச்சிமுத்து மைக்கை நீட்டினார்.

"எல்லாரும் கேக்கறாங்க சார். இன்னொருக்கா வாசிச்சிருங்க."

அவன் எழுந்தான். சட்டைப் பையைத் தொடவில்லை. போனை எடுத்து ஏழாவது படத்தைத் திறந்தான்.

மகள் அடுத்த வாய்க்கு 'ஆ' காட்டினாள்.

அவன் தேதியிலிருந்து தொடங்கினான்.